வூஃபரைத் திருப்பிப் பிடித்தால்

பத்துமலையில் காவடிக்கு முன்னால் உறுமி மேளம் முழங்கும்போது வயிற்றில் இறங்கும் அதிர்வு, அதே குழுவை ஸ்டூடியோவில் பதிவு செய்தால் பாதிகூடத் தேறுவதில்லை. ஈக்யூவில் அடிநாதத்தை ஏற்றிப் பார்த்தால் கொழகொழப்புதான் மிஞ்சும். இதற்காகப் புது மைக்குக்கு விலை விசாரிக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு ஒலிப்பதிவாளர்கள், மூலையில் கிடக்கும் பழைய வூஃபரை முதலில் எடுத்துத் தூசி தட்டலாம். ஸ்பீக்கரையே மைக்காக்குவது புதிதல்ல.

1966 ஏப்ரலில் லண்டன் இஎம்ஐ ஸ்டூடியோவில் பீட்டில்ஸின் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவானது. பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டாருக்குக் கனம் கூட்ட, ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் தொழில்நுட்பர் கென் டவுன்செண்டும் ஆம்ப் ஸ்பீக்கருக்கு எதிரே இன்னொரு ஸ்பீக்கரை நிறுத்தி அதையே மைக்காக்கினார்கள். பின்னாளில் யமஹா என்எஸ்-10 மானிட்டரின் வெள்ளை வூஃபர் டிரம் பதிவில் இந்த வேலைக்கே பேர்போனது. யமஹாவும் சும்மா இருக்கவில்லை. டிரம் கூட்டுக்குள் ஒரு வூஃபரைப் பொருத்தி 'சப்கிக்' என்று விற்றது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. காந்தத்தின் இடைவெளியில் கம்பிச்சுருள் அசைந்தால் மின்னழுத்தம் பிறக்கும். எஸ்எம்58 மைக் வேலை செய்வதும் அப்படித்தான். பழைய இண்டர்காம் பெட்டிகள் பலவற்றில் பேசவும் கேட்கவும் ஒரே ஸ்பீக்கர்தான். ஆனால் வூஃபரின் கோன் கனமானது. உயர் அலைவரிசைக்கு அசைந்து கொடுக்காது. உறுமியில் வளைந்த குச்சி தேய்க்கும் உரசலுக்கும் தவிலின் உயர்சுருதிப் பக்கமான வலந்தலைக்கும் வழக்கமான மைக் இருந்தே ஆகவேண்டும். வூஃபர், அடிநாதம் தரும் தொப்பிப் பக்கத்துக்கான இரண்டாவது மைக், அவ்வளவே.

சறுக்குவது வயரிங்கில். கிராஸ்ஓவரை ஒதுக்கிவிட்டு வூஃபர் முனைகளிலேயே கம்பியைப் பற்றவைக்க வேண்டும். ஒலியழுத்தம் கோனை உள்ளே தள்ளும்போது சிவப்பு முனையில் எதிர்மின்னழுத்தம் வரும். ஆகவே எக்ஸ்எல்ஆரின் 2ஆம் பின்னுக்குக் கறுப்பு, 3ஆம் பின்னுக்குச் சிவப்பு. மாற்றிக் கொடுத்தால் பக்கத்து மைக்கோடு கலக்கும்போது இருந்த அடிநாதமும் கரைந்துபோகும். மிக்சரின் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் அணைந்திருக்கட்டும். கிட்டத்தில் வைத்தால் சிக்னல் பலமாக வரும் என்பதால் சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபல் பேட் கைவசம் இருப்பது நல்லது.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கோயில் திருவிழா மேடைகளுக்கு இந்த வித்தையை யாரும் கொண்டுபோக வேண்டாம். பெட்டியில்லாத வூஃபர் முன்னும் பின்னும் கேட்கும். பக்கத்திலேயே சப்வூஃபர் உறுமினால் ஊளையிடும்.

ஒவ்வொரு வூஃபரும் தன் ஒத்ததிர்வுச் சுருதியைத் தூக்கிக் காட்டும். எல்லா அடியும் ஒரே ஸ்வரத்தில் விழுந்தால் கோளாறு மேளக்காரரிடம் இல்லை. ஆறரை அங்குலம், எட்டு அங்குலம் இரண்டையும் வைத்துக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். புடு ஜாலான் பாசார் பக்கம் போகிறவர்கள் புது வூஃபர் கேட்கவேண்டியதில்லை. ட்வீட்டர் எரிந்த பெட்டி போதும். கோன் மட்டும் கிழியாமல் இருக்கவேண்டும்.