ஒற்றைத் தொலைபேசியில் ஒரு திண்ணை

1978 ஜனவரியில் சிகாகோவைப் பனிப்புயல் முடக்கிப்போட்டது. வீட்டில் அடைபட்ட வார்டு கிறிஸ்டென்சனும் நண்பர் ராண்டி சூயெஸும் கணினி அறிவிப்புப் பலகை ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்கள். பிப்ரவரி 16 அன்று அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

கணினியிலிருந்து தொலைபேசி வழியே நுழையும் அந்தப் பலகைக்கு இருந்தது ஒரே இணைப்பு. ஒருவர் வெளியேறினால்தான் அடுத்தவர் நுழைய முடியும். கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் 300 பாட் மோடத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துகளே நகரும். ஆனாலும் முகம் தெரியாதவர்கள் கேள்வி கேட்டார்கள், பதில் எழுதிவைத்தார்கள்.

1982இல் வந்த கமடோர் 64 வீட்டுக் கணினி, இந்தத் திண்ணையைச் சாதாரண வீடுகளுக்கும் திறந்துவிட்டது. ஆனால் கணினியும் அதே தொலைபேசிக் கம்பியில் பேசியதால், வீட்டில் யாராவது தொலைபேசியை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும்!

கோப்புகளைப் பிழையின்றி அனுப்பும் எக்ஸ்மோடம் முறையைக் கிறிஸ்டென்சன் காசு வாங்காமல் பொதுவில் விட்டார். எத்தனை பெரிய கொடை அது! 2024இல் அவர் மறைந்தார். இணைய வரலாற்றைப் பாடமாக எழுதுபவர்கள் ராணுவ ஆய்வுத் திட்டங்களோடு நிறுத்திவிடாமல், கிறிஸ்டென்சன், சூயெஸ் இருவரின் பெயரையும் சேர்க்க வேண்டும்.