அம்மா ஒன்றும் கோயில் இல்லை

ஜூலை 15 வந்தால் போதும். 2006-லிருந்து அது கல்வி வளர்ச்சி நாள் என்பதால் பள்ளிக்கூடம் தோறும் காமராஜர் பற்றிப் பேச்சுப் போட்டி நடக்கும். மைக் பிடிக்கிற பையன்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. 1954-லிருந்து 1963 வரை முதலமைச்சராக இருந்தவர், பெற்ற தாயைச் சென்னைக்குக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளவில்லை. சிவகாமி அம்மாள் விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். மாதம் 120 ரூபாய் வரும். "பார்க்க வருகிறவர்களுக்கு சோடா, கலர் வாங்கிக் கொடுக்கக் கட்டவில்லை, கொஞ்சம் கூட்டி அனுப்பு" என்று அந்த அம்மாள் கேட்டதற்கும் மறுத்துவிட்டார். நகராட்சிக்காரர்கள் வீட்டுக்குள் போட்டுக் கொடுத்த தண்ணீர்க் குழாயையும் கழற்றச் சொன்னார். கைதட்டல். முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர்.

அந்த நேர்மையில் யாரும் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு வார்டு கவுன்சிலர் வீட்டு வாசல் வரை சிமென்ட் ரோடு போய் நிற்பதைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் குழாயின் அருமை தெரியும். அரசியல்வாதிக்குப் பாடமாக இந்தக் கதையைச் சொன்னால் சரிதான். ஆனால் பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தாய்ப்பாசத்தின் பாடமாகவும் இதையே சொல்லிக் கொடுக்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. மகன் சின்னப் பையனாக இருக்கும்போதே கணவரை இழந்தவர் சிவகாமி அம்மாள். வளர்ந்த மகன் சுதந்திரப் போராட்டத்துக்குப் போனார். மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் ஜெயில். அப்புறம் கட்சி, கோட்டை, டெல்லி. அந்தத் தாயும் மகனும் உட்கார்ந்து சும்மா சிரித்துப் பேசிய நேரம் எவ்வளவு இருந்திருக்கும்? எந்தப் பேச்சுப் போட்டியிலும் இந்தக் கேள்வி வருவதில்லை.

வராது. ஏனென்றால் தமிழில் அம்மா என்றால் தியாகம், தெய்வம், கோயில். ஆட்டோவுக்குப் பின்னாலும் அதுதான், சினிமாவிலும் அதுதான். கும்பிட்டாகிவிட்டது, கடமை முடிந்தது. தெய்வத்தோடு யாராவது தாயம் விளையாடுவார்களா? 2004-ல் 'எம்.குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' வந்தபோது, அம்மாவும் மகனும் தோழர்கள் மாதிரி இருக்கிறார்களே என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அந்தப் படத்திலும் அம்மா செத்த பிறகுதான் கதை நகர்கிறது. சிரிக்கிற அம்மாவை வைத்துக்கொண்டு முழுப்படம் ஓட்ட நம்ம ஆட்களுக்குத் தைரியம் கிடையாது :-)

சரி, இதில் சிவகாசி எங்கே வருகிறது?

விருதுநகரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சிவகாசி. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அம்மாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்திருந்த காலம் ஒன்று நிஜமாகவே இருந்தது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வேலை வீட்டுக்கு வரும். அம்மா பெட்டி ஒட்டுவார், பக்கத்தில் பையனும் ஒட்டுவான். பட்டாசுக்கு என்றால் காகிதக் குழாய் சுருட்டுவது. எண்ணிக்கைக்குத்தான் கூலி. பேச்சில் போகிற ஒவ்வொரு நிமிஷமும் எண்ணிக்கையில் குறையும். "குடும்பமே சேர்ந்து உழைக்கும் அழகைப் பாருங்கள்" என்று இதைப் போட்டோ பிடித்துப் போட்டவர்கள் உண்டு. என்ன அழகு? அங்கே பையன் மகனாக உட்கார்ந்திருக்கவில்லை, இரண்டாவது ஜோடிக் கையாக உட்கார்ந்திருந்தான்.

சட்டம் என்ன செய்தது? 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தாரின் துணையோடு நடத்தும் பட்டறைக்குத் தடை பொருந்தாது என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தது. 1996 டிசம்பரில் சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள். நல்லது. ஆனால் அதிலும் ஒரு விலக்கு. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் உதவலாமாம். பள்ளி நேரம் போக மீதி நேரமும் விடுமுறையும் என்றால் அது வேறென்ன? பையன் விளையாட வேண்டிய நேரம். அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு ஊர்க்கதை கேட்க வேண்டிய நேரம்.

இன்றைக்குப் பையன்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில், காலேஜில். அம்மாக்கள் பட்டாசு ஆலையில். காலையில் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் அலுமினியப் பொடி மினுமினுக்கும் கையோடு இறக்கிவிடும். சனிக்கிழமை சம்பளம். தீபாவளி நெருங்கினால் ஞாயிறும் வேலை. தீபாவளி முடிந்தால் ஆலை கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். அப்போது நேரம் இருக்கும், காசு இருக்காது. 2018-ல் உச்ச நீதிமன்றக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது இதைக் கிராமம் கிராமமாகப் பார்த்தாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல். காலையில் வேனில் ஏறிய அம்மா சாயங்காலம் இறங்குவார் என்பதற்கு இந்தப் பக்கம் உத்தரவாதம் கிடையாது.

"அம்மாவும் மகனும் ஜாலியாகப் பொழுது போக்க இருபது வழிகள்" என்று இங்கிலீஷ் பத்திரிகையில் போடுவார்கள். சேர்ந்து கேக் சுடுங்கள், கூடாரம் போட்டுத் தூங்குங்கள். அந்த இருபதுக்கும் முன்னால் ஒரு சனி, ஞாயிறு சும்மா கிடைக்க வேண்டும். இந்த ஊர் அம்மாவின் ஞாயிறு யாரிடம் இருக்கிறது? கம்பெனியைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும். ஆனால் முழுசாகத் தின்றது கம்பெனி மட்டும் இல்லை. மகனின் ஜீன்ஸ் பேன்ட்டும்தான்! குழாயில் தண்ணீர் வருகிற நாளைப் பார்த்துக் காத்திருக்கும் ஊரில், ஆறு நாள் வேலை பார்த்த அம்மா ஏழாம் நாள் அதைத் துவைத்துக்கொண்டிருப்பார். மகன் கிரிக்கெட் முடித்து வந்து "அம்மான்னா தியாகம்" என்று ஸ்டேட்டஸ் போடுவான். தன் துணியைத் தானே துவைத்து, குடத்தையும் எடுத்தால் இரண்டு மணி நேரம் மிச்சம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வது? காசே வேண்டாம். நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்தால் தாயம் ரெடி. தட்டாங்கல் விளையாடக் கூப்பிட்டுப் பாருங்கள். சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய விரல் அது, எந்த மகனும் ஜெயிக்க முடியாது. அம்மாவிடம் தோற்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கள்ளாட்டம் ஆடிச் சண்டை போடுவதில் இன்னும் பெரிய சுகம். கோயில் சிலை கள்ளாட்டம் ஆடாது.

கொஞ்சம் காசு இருந்தால் விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி. பையன்கள் கூட்டாளிகளோடு போவார்கள், அம்மாவோடு போனால் மானம் போய்விடும். தப்பித்தவறிக் கூட்டிப் போனாலும் ராட்டினத்துக்குக் கீழே பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு நிற்பது அம்மாதான். ஒரு தடவை அவரை மேலே ஏற்றி, பையை மகன் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கத்துகிற கத்தலில் தெரியும், அவருக்குள் எத்தனை வயசு இருக்கிறது என்று. திரும்பும்போது எண்ணெயில் பொரித்த புரோட்டா. "வீட்டில் சோறு இருக்கே, எதுக்குச் செலவு" என்பார். சொல்லிவிட்டு இரண்டாவது புரோட்டாவுக்கு சால்னா கேட்பார். பஸ் செலவையும் சாக்குச் சொல்ல முடியாது. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று ஆனது. டிக்கெட் மகனுக்கு மட்டும்தான்.

வெட்கமாக இருக்கிறது என்பார்கள், பிளஸ் டூ படிக்கிற பையன் அம்மாவோடு சுற்றினால் கிளாஸில் ஓட்டுவார்கள் என்பார்கள். ஓட்டட்டுமே! பொண்ணு என்றால் கல்யாணமாகிப் போகும் வரை அம்மாவின் தோள்மேல் கை போட்டுக்கொண்டு நடக்கலாம், பையனுக்கு மீசை முளைத்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்று எந்தச் சாமி சொன்னது?

அடுத்த ஜூலை 15-க்குப் பேச்சு எழுதித் தருகிற வாத்தியார்கள் அந்த 120 ரூபாயைச் சொல்லட்டும், குழாயையும் சொல்லட்டும். சோடா, கலர் வாங்க அந்த அம்மாள் ஏன் காசு கேட்டார் என்பதையும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லட்டும். பார்க்க வருகிறவர்கள் சோடா குடிக்கும் வரையாவது உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்தால் மெட்ராஸில் இருக்கும் மகனைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார்கள்.