வாத்தியார் பொறுமையாக இருந்தால் யாருக்கு லாபம்?

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க வேலை கிடைத்திருக்கிறது என்று ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சம்பளத்தைத்தான் சொல்கிறார்கள். முந்நூறு ரியால், நாலாயிரம் திர்ஹாம் என்று தொகை வந்து விழும். அப்புறம் ஃபிளாட் உண்டு, வருஷத்துக்கு ஒரு டிக்கெட் உண்டு என்பார்கள். "சம்பளம் கொடுக்கப் போவது யார்?" என்று நான் கேட்டால், "ஸ்கூல்தான் சார்" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தனியார் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு முதலாளி இருக்கிறார். சம்பளத்தைக் கொடுப்பவரும் அவர்தான், கொடுக்காமல் இழுத்தடிப்பவரும் அவர்தான். அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல்தான் நம்மில் பெரும்பாலோர் விமானம் ஏறுகிறோம்.

நான் ஓமானில் 2002 முதல் 2011 வரை இரண்டு தனியார் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தேன். முதல் பள்ளியின் முதலாளி மாதம் 28-ஆம் தேதி கவரைக் கையில் கொடுத்துவிடுவார். அந்தத் தேதி வெள்ளிக்கிழமை வந்தால் வியாழக்கிழமையே வந்துவிடும். ஆகவே அரபு முதலாளி என்றாலே ஏமாற்றுக்காரர் என்று சொல்ல நான் வரவில்லை. என் இரண்டாவது பள்ளியில் எங்கள் சம்பளத்தை நிறுத்திவைக்கும் யோசனைகளை முதலாளிக்குச் சொல்லிக் கொடுத்தவர் நம் ஊர் மேனேஜர்தான்.

அந்த இரண்டாவது பள்ளியில்தான் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நம்பகமில்லாத முதலாளியின் மூலதனத்தில் பாதி, வாத்தியாரின் கௌரவம். "நாம் படித்தவர்கள், கூலிக்காரர்கள் மாதிரி சம்பளம் கேட்டு நிற்கலாமா" என்று ஆசிரியர் நினைக்கும் ஒவ்வொரு நாளும், முதலாளிக்கு வட்டியில்லாக் கடன்.

அவர்கள் எப்படித் தள்ளிப்போடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு ஒழுங்கு உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பணம் மாதா மாதம் வருவதில்லை. டெர்ம் ஃபீஸ் வரும்போது கொத்தாக வரும். கோடை விடுமுறையில் வரவே வராது. எங்கள் அர்பாப்புக்குக் கட்டட கான்ட்ராக்ட் தொழிலும் இருந்தது. 2008 கடைசியில் உலகம் முழுக்கப் பொருளாதாரம் விழுந்தபோது அவருடைய கட்டட வேலைகளும் நின்றன. பிள்ளைகள் கட்டிய ஃபீஸ் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போனது. எங்கள் சம்பளம் முதலில் ஐந்து நாள் தள்ளியது. பிறகு பத்து நாள். பிறகு பாதிச் சம்பளம். கடைசியில் மே மாதம் வந்த அறிவிப்பு: விடுமுறைச் சம்பளம், ஊர் போய்த் திரும்பி வந்த பிறகு தரப்படும்.

இந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமம். திரும்பி வராவிட்டால் பணம் இல்லை. திரும்பி வந்தால் இன்னொரு வருஷம் மாட்டிக்கொண்டோம். வேறு பள்ளிக்கு மாறவும் முடியாது, அதற்குப் பழைய முதலாளி என்.ஓ.சி. தர வேண்டும். 2021 ஜனவரியில்தான் ஓமான் அந்த விதியை எடுத்தது. "நெக்ஸ்ட் வீக் கண்டிப்பாக" என்று மேனேஜர் சொல்லும்போதெல்லாம், ஆங்கில வாத்தியார்களான நாங்கள் எதிர்காலத்துக்கு இவ்வளவு உபயோகம் உண்டா என்று சிரித்துக்கொள்வோம். சிரிப்பு ஊருக்குப் பணம் அனுப்பாது.

பள்ளிக்குப் பின்பக்கம் அதே முதலாளியின் கட்டட ஆட்களின் கேம்ப் இருந்தது. அரியலூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், ஆந்திராக்காரர்கள் சிலர், பெங்காலிகள் சிலர். அவர்களுக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. மூன்றாவது மாதம் முதல் வாரத்தில் ஒருநாள் காலையில் அத்தனை பேரும் வேலைக்குப் போகாமல் லேபர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் பலருக்குத் தன் கான்ட்ராக்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. ஆனால் எத்தனை நாள் வேலை செய்தோம் என்பது ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். நாலு வாரத்துக்குள் பாக்கி வந்துவிட்டது.

அந்தக் கொத்தனார் ஒருநாள் கடையில் பார்த்தபோது கேட்டார்: "என்ன சார், உங்களுக்கும் இன்னும் போடலையாமே? நீங்கல்லாம் இங்கிலீஷ்ல எழுதியே கேக்கலாமே?"

ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருபத்தாறு பேர். முதுகலைப் பட்டம் இல்லாதவர் யாரும் இல்லை. ஆனால் ஒரு கடிதம் எழுத எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. பரீட்சை நேரத்தில் பிள்ளைகளைத் தவிக்கவிடலாமா என்றார் ஒருவர். லேபர் ஆபீஸுக்குப் போனால் விசாவை ரத்து செய்துவிடுவார் என்றார் இன்னொருவர். கொல்லத்துக்காரக் கணக்கு டீச்சர் ஒருவர்தான், "சாரே, பிள்ளைகள் மேல் உள்ள பாசத்துக்கு அவங்க அப்பா அம்மா ஏற்கெனவே ஃபீஸ் கட்டியாச்சு, அந்தப் பணம் எங்கேன்னுதான் கேட்கிறோம்" என்றார். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டோம். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் போட்டார்கள். தொழிலாளர் அலுவலகம் முதலாளியைக் கூப்பிட்டு விசாரித்தது. தவணை தவணையாக ஐந்து மாதத்தில் பணம் வந்தது. விசா யாருக்கும் ரத்தாகவில்லை.

எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுடன் இருந்த ஒரு சீனியர் ஆசிரியருக்கு முந்தைய இரண்டு வருஷத்து டிக்கெட் பணமும் இன்கிரிமென்ட் பாக்கியும் நிலுவையில் இருந்தன. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று அதைக் கணக்கில் வைத்திருந்தார். "எங்கே போய்விடும், மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்" என்பார். ஆனால் அன்றைய ஓமான் தொழிலாளர் சட்டப்படி, ஒரு தொகை உரியதான நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். பழைய பாக்கியை அலுவலகம் எடுத்துக்கொள்ளவே இல்லை. சவூதியிலும், வேலை முடிந்து 12 மாதம் கடந்தால் வழக்கு ஏற்கப்படாது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நல்ல பழமொழிதான். தொழிலாளர் சட்டத்தில் மட்டும், பொறுத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இது ஏதோ வளைகுடா நோய் என்று நினைப்பவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே ஆங்கில உரையாடல் பள்ளிகளில் மிகப் பெரியதாக இருந்த நோவா என்ற நிறுவனம் 2007 அக்டோபரில் கவிழ்ந்தது. மாணவர்களிடம் நூற்றுக்கணக்கான வகுப்புகளுக்கு முன்கூட்டியே பணம் வாங்கி, அதை வைத்துப் புதுக் கிளைகளைத் திறந்துகொண்டே போன நிறுவனம் அது. அந்த ஆண்டு ஜூனில் அரசு அதன் வியாபாரத்தில் ஒரு பகுதியைத் தடை செய்தபோதே பல் ஆடத் தொடங்கிவிட்டது. சம்பளம் தாமதமானது. ஆசிரியர்களின் சம்பளத்தில் வீட்டு வாடகையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரருக்குக் கட்டாமல் விட்டார்கள். ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள். சிலர் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் இங்கிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த வெள்ளைக்காரர்கள். பாஸ்போர்ட்டின் நிறம் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு யூனியன் இருந்தது. தூதரகங்கள் பேசின. திவாலான நிறுவனத்தின் சம்பள பாக்கியில் பெரும்பகுதியை அரசே முன்பணமாகக் கொடுக்கும் சட்டமும் ஜப்பானில் இருந்தது.

நமக்கு என்ன இருக்கிறது? இங்கேதான் ஒரு விசித்திரம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த அரியலூர்க் கொத்தனாரின் ஒப்பந்தத்தை யாரோ ஓர் அதிகாரி ஒருமுறையாவது பார்த்திருப்பார். பத்தாவது தேறியவரின் பாஸ்போர்ட்டுக்கு அந்த அனுமதி தேவையில்லை. எம்.ஏ., பி.எட். படித்தவரின் ஒப்பந்தத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. படித்தவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நம்புகிறது. எங்கள் ஸ்டாஃப் ரூமை ஒருநாள் பார்த்திருந்தால் சட்டம் அப்படி நம்பியிருக்காது.

இதில் மாற்றமே முடியாது என்று சொல்ல முடியாது. நர்சுகள் விஷயத்தில் மத்திய அரசு 2015-இல் ஒரு காரியம் செய்தது. அவர்கள் எவ்வளவு படித்திருந்தாலும், அந்த 18 நாடுகளுக்குப் போக அனுமதி கட்டாயம் என்றது. ஆளெடுப்பையும் கேரளத்தின் நோர்க்கா, நம்முடைய தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகள் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்றது. லட்சக்கணக்கில் ஏஜெண்டுகள் பணம் பறித்ததால் எடுத்த முடிவு அது. 2018 இறுதியில் மற்றப் படித்தவர்களும் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. தொந்தரவு என்று எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

என் கருத்து இதுதான்: நர்சுகளுக்குச் செய்ததை ஆசிரியர்களுக்கும் செய்ய வேண்டும். குறைந்தபட்சம், அந்த நாடுகளின் தனியார் பள்ளிகள் இந்தியாவிலிருந்து ஆளெடுக்கும்போது ஒப்பந்தத்தின் ஒரு பிரதி நம் தூதரகத்தில் இருக்க வேண்டும். சம்பளம் கொடுக்காத பள்ளி அடுத்த வருஷம் வேறொரு ஊரில், இன்னொரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இன்டர்வியூ நடத்த முடியாதபடி செய்ய அது போதும். தாமதமாகும், லஞ்சத்துக்கு இன்னொரு மேஜை திறக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஒரு வாரம் தாமதமாகப் போவதற்கும் நாலு மாதம் சம்பளமில்லாமல் அந்நிய ஊரில் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம், உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

அரசு செய்யும்வரை நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். எங்கள் காலத்து ஓமான் சட்டத்தில் முதல் மூன்று வருஷத்துக்கு வருஷத்துக்கு 15 நாள், அதன்பின் வருஷத்துக்கு ஒரு மாதம் என்று பணிக்கொடை. அது அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடப்படும். 300 ரியால் வாங்குபவருக்கு அடிப்படை 150 என்று எழுதியிருந்தால், ஆறு வருஷம் கழித்து 1,350 வர வேண்டிய இடத்தில் 675 தான் வரும். யாரும் திருடவில்லை, எல்லாம் நீங்கள் கையெழுத்திட்ட காகிதத்தில் இருக்கும். சம்பளம் பத்து மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பள்ளியைப் பற்றி இப்போது அங்கே வேலை செய்கிறவரிடம் கேட்காதீர்கள், பக்கத்தில் மேனேஜர் நிற்கலாம். விட்டுவிட்டு வந்தவரிடம் கேளுங்கள். "கடைசிச் சம்பளம் வந்ததா?" என்ற ஒரு கேள்வி போதும். பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைக்காதீர்கள். அது இந்திய அரசின் சொத்து என்று நம் 1967-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, அந்த ஒரு வாக்கியம் பல மேனேஜர்களை யோசிக்க வைத்திருக்கிறது. விசிட் விசாவில் போய்ப் பாடம் நடத்த ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிப் போனவர் சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால், முதலில் குற்றவாளி ஆவது அவர்தான். அரபியில் மட்டும் எழுதிய கணக்கு முடிப்புக் காகிதத்தில் படிக்கவைத்துக் கேட்காமல் கையெழுத்து வேண்டாம். "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் தாமதத்திலேயே எழுதுங்கள். மரியாதையாக, நாலு வரியில், தேதி போட்டு, முடிந்தவரை எல்லாரும் கையெழுத்துப் போட்டு. ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். நல்ல முதலாளி அதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், நீங்கள் யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அதற்கும் பலன் இல்லையென்றால் தொழிலாளர் அலுவலகம், தூதரகத்தின் குறைகேட்பு நாள், 2015-இலிருந்து வெளியுறவு அமைச்சகம் நடத்தும் மதத் என்ற இணையதளம் என்று கதவுகள் இருக்கின்றன. தட்டிய பிறகும் சில சமயம் திறக்காது. ஆனால் தட்டிய தேதிக்கு ஒரு ரசீது இருக்கும், ஓராண்டுக் கணக்கில் அது மிக முக்கியம்.

இந்த ஆகஸ்டிலும் நம் ஊர்களிலிருந்து பலர் பெட்டி கட்டுவார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் மகன்கள் படித்தது அந்த ரியாலில்தான். போகிறவர்கள் பெட்டியில் ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகளை வையுங்கள். இன்னொன்றை வீட்டு பீரோவில் வைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மனைவியிடமோ கணவரிடமோ ஒருமுறை உட்கார்ந்து படித்துக் காட்டிவிட்டுப் போங்கள்.