மெஷினில் டெம்பரேச்சரைக் கூட்டினால் காபி சூடாகுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நமக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். போனஸ் பணத்தில் வீட்டுக்கு எஸ்பிரெஸோ மெஷின் வாங்கியிருக்கிறார். முதல் நாள் காபியைக் குடித்த அப்பா, "என்னடா இது, ஆறிப்போயிருக்கு" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இவர் மெனுவுக்குள் போய் டெம்பரேச்சரை 'ஹை'யில் வைத்தார். மறுநாள், "இப்போ ஆறிப்போனதும் இல்லாம கசக்கவும் செய்யுது" என்றாராம் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லாமல் பழைய பித்தளை ஃபில்டரைக் கழுவி எடுத்து வைத்துவிட்டார். "மெஷினை வித்துடலாமா?" என்று கேட்கிறார்.

விற்க வேண்டாம். மெஷினில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அப்பா சொன்னதும் சரிதான். ஆனால், அவர் சொன்ன சூடு வேறு, மெனுவில் இருக்கும் சூடு வேறு.

மெனுவில் இருப்பது, காபித்தூள் வழியாகத் தண்ணீர் இறங்கும்போது இருக்க வேண்டிய சூடு. எஸ்பிரெஸோவுக்கு அது 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை. தூளிலிருந்து எந்தச் சுவை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. டம்ளர் எவ்வளவு சூடாக இருக்கும் என்பதில் அதற்குப் பங்கு மிகக் குறைவு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மெஷினில் இறங்குவது 30 மில்லி டிகாக்‌ஷன். நாம் ஊற்றும் பால் 120 மில்லி. தண்ணீரின் சூட்டை 4 டிகிரி கூட்டினால், அந்த 4 டிகிரியும் அப்படியே வந்து சேர்ந்தாலும், 150 மில்லி காபியில் ஏறுவது 0.8 டிகிரிதான். நாக்குக்கு அது தெரியவே தெரியாது. கசப்பு மட்டும் நன்றாகத் தெரியும்.

டம்ளரும் தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சும். 100 கிராம் எவர்சில்வர் டம்ளர் 30 டிகிரியில் இருக்கிறது, அதில் 80 டிகிரியில் 30 மில்லி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் சேர்ப்பதற்கு முன்பே 66 டிகிரி வாக்கில் வந்து நின்றுவிடும். அதன் மேல் 60 டிகிரியில் நுரைத்த பாலை ஊற்றினால், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது ஆறின காபிதான்.

இந்த விஷயம் ஃபில்டர் போடும் அம்மாக்களுக்கு ஏற்கெனவே தெரியும். காலை ஐந்து மணிக்கு இறங்கிய டிகாக்‌ஷன் எட்டு மணிக்கு ஆறித்தான் கிடக்கும். யாரும் அதை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவதில்லை, வாசம் போய்விடும் என்று தெரியும். பாலைப் பொங்கக் காய்ச்சி ஊற்றுவார்கள். மெஷினுக்கும் அதேதான். டம்ளரில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அதில் ஷாட் எடுங்கள். அப்பாவுக்கு நுரை முக்கியமில்லை என்றால், ஸ்டீம் குழாயை விட்டுவிட்டு அடுப்பில் காய்ந்த பாலையே ஊற்றுங்கள். நுரை வேண்டும் என்றால் 70 டிகிரி வரை போகலாம். அதற்கு மேல் போனால் நுரை கெட்டு, பாலில் காய்ச்சின வாடை வரும். டபராவில் ஒரு ஆற்று ஆற்றிக் குடிப்பதும் நல்ல பழக்கமே. 65 டிகிரிக்கு மேல் இருக்கும் பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியிருக்கிறது.

எஸ்பிரெஸோ என்றாலே நாக்கு சுட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதற்குக் கல்யாண மண்டபங்களும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பளபளவென்ற சிலிண்டர் மெஷினில் 'புஸ்ஸ்' என்று நுரை பொங்கக் கொடுப்பார்களே, அது இன்ஸ்டன்ட் தூளும் பாலும் நீராவியும்தான். ருசி உண்டு, ஆனால் அது எஸ்பிரெஸோ இல்லை. இத்தாலியிலேயே இந்தச் சூட்டுப் பிரச்னை இருந்தது. 1901-ல் மிலனில் லூயிஜி பெஸ்ஸேரா காப்புரிமைக்கு விண்ணப்பித்த மெஷின், பாய்லரின் நீராவி அழுத்தத்தால் கொதிநீரைத் தூளில் தள்ளியது. காபி தீய்ந்த ருசியில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த காஜியாவின் நெம்புகோல் மெஷின்தான் அழுத்தத்தை நீராவியிலிருந்து பிரித்தது. தண்ணீரின் சூட்டைக் குறைக்க முடிந்த பிறகுதான் இன்றைய எஸ்பிரெஸோ ருசி கிடைத்தது.

அப்படியென்றால் மெனுவில் அந்த செட்டிங் எதற்கு? வறுவலுக்கு. இளவறுவல் கொட்டையிலிருந்து சுவை எளிதில் இறங்காது. 94, 95 டிகிரி கேட்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கரு வறுவலுக்கு 90-ஐ ஒட்டி இருந்தாலே போதும். டிகிரி காட்டாமல் லோ, மீடியம், ஹை என்று மட்டும் இருக்கும் மெஷினில் கரு வறுவலுக்கு லோ அல்லது மீடியம். நம் வாசகர் செய்தது இதற்கு நேரெதிர்.

செட்டிங்கைத் தொடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். 25 முதல் 30 விநாடிக்குள் ஷாட் இறங்க வேண்டும். பத்து விநாடியில் கொட்டிவிட்டால் அரைப்பு பெரியது, சூட்டை மாற்றிப் பயனில்லை. நேரம் சரியாக இருந்து, பால் சேர்க்காமல் ஒரு மடக்கு குடிக்கும்போது எலுமிச்சை போலப் புளித்தால் ஒரு படி கூட்டுங்கள். கரிந்த கசப்போடு நாக்கு வறண்டால் ஒரு படி குறையுங்கள். தூளின் அளவையும் சூட்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

சிக்கரி கலந்த தூளை மெஷினில் போடாதீர்கள். காபி-சிக்கரி கலவையில் சிக்கரி 49 சதவிகிதம் வரை இருக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. பாக்கெட்டில் அளவு போட்டிருக்கும், பாருங்கள். சிக்கரி தண்ணீரில் ஊறி உப்பி வழியை அடைக்கும். அதன் கசப்பு எந்த செட்டிங்கிலும் போகாது. கடையில் பீபெரியோ பிளாண்டேஷன் ஏ-யோ சிக்கரி இல்லாமல், எஸ்பிரெஸோ அரைப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

ஆறு மணி ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர்களின் அவசரம் புரிகிறது. ஆனாலும் லைட் எரிந்த உடனே ஷாட் எடுக்காதீர்கள். தண்ணீர்தான் சூடாகியிருக்கும், தூள் போடும் கைப்பிடி ஜில்லென்று இருக்கும். கைப்பிடியை மாட்டிய நிலையிலேயே மெஷினைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட விட்டு, தூள் இல்லாமல் ஒருமுறை வெந்நீர் விட்டு எடுங்கள். தெருவில் வோல்டேஜ் குறைந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், ஹீட்டர் கொடுப்பது அதன் திறனில் சுமார் 60 சதவிகிதம்தான்.

கடைசியாக, தண்ணீர். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல வருடக் கதை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில்தான் வந்தது. போர் தண்ணீரை மெஷின் டேங்கில் ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு ஹீட்டரிலும் குழாயிலும் படியும். பிறகு மெனு ஒரு சூட்டைச் சொல்லும், தூளுக்கு வேறு சூடு போகும். கேன் தண்ணீரோ வீட்டு ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். இத்தனை நாள் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால், மேனுவலில் சொல்லியிருக்கும் டீஸ்கேலிங் மருந்தால் ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு, செட்டிங்கை மீடியத்திலிருந்து தொடங்குங்கள்.