செய்கூலி மட்டுமே கொண்ட நகை

‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று நகைக்கடைகள் விளம்பரம் செய்யும்போது அதை நாம் சலுகையாகவே எடுத்துக்கொள்கிறோம். செய்தவரின் உழைப்புக்கு விலை போடவில்லை என்பதைத்தான் அது நற்செய்தியாகச் சொல்கிறது என்று யாருக்கும் உறைப்பதில்லை. தங்கத்தைப் பொறுத்தவரை வாங்குபவரைக் குறை சொல்லவும் முடியாது. நாளை அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் தராசில் நிற்பது எடை மட்டும்தான். வேலைப்பாட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது. ஆனால், தங்கத்துக்குப் பொருந்தும் இந்தக் கணக்கை எல்லாக் கைவேலைக்கும் நீட்டிவிட்டோம். அதனால் இழப்பது யார் என்று பார்க்க, சீனத்தின் நான்ஜிங் நகரில் பட்டு இழையும் உலோகக் கம்பியும் கொண்டு செய்யும் ‘ரோங்ஹுவா’ என்னும் தலைப்பூ நல்ல உதாரணம். அதில் விற்று எடுக்கும்படியான பொருள் எதுவும் கிடையாது. செய்கூலியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம் நூலும் கம்பியும்தான்.

அந்தப் பூ உருவாகும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் கச்சாப் பட்டைச் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்து, புழு சுரந்த பசையை நீக்குகிறார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு இதிலேயே போய்விடும். மிஞ்சுவதுதான் பளபளக்கும் மென்மையான பட்டு. சாயமேற்றிக் காய்ந்த இழைகளை ஒரு சட்டத்தில் கட்டி, சிக்கில்லாமல் வாரி, மெல்லிய திரைபோலப் பரப்புவார்கள். மெல்லிய பித்தளைக் கம்பியோ செப்புக் கம்பியோ கரி நெருப்பில் வாட்டி இளக்கப்படும். இல்லாவிட்டால் வளைக்கும்போது முறிந்துவிடும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே பட்டுத் திரை சிக்கும்படி வைத்து முறுக்கி, கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒவ்வொன்றையும் மரப்பலகைகளுக்கு இடையில் உருட்டினால் இழைகள் கம்பியைச் சுற்றி எழுந்து நிற்கும். பால்புட்டி கழுவும் பிரஷ் எந்த முறையில் ஆனதோ அதே முறைதான். வித்தை தொடங்குவது இதற்குப் பிறகு. கீற்றைச் சுழற்றிக்கொண்டே கத்தரியால் செதுக்குவார்கள். நடுவில் பருத்து, இரு முனையிலும் ஊசியாய்க் கூர்ந்தால் அது சாமந்தியின் இதழ். ஒரு முனை மட்டும் கூர்ந்தால் பறவையின் இறகு. அளவுகோலோ அச்சோ கிடையாது. கத்தரி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் அந்தக் கீற்று வீண். இப்படிச் செதுக்கிய பல இதழ்களை இடுக்கியால் வளைத்து, பட்டு நூல் சுற்றிக் கட்டினால்தான் ஒரு பூ.

விலையுயர்ந்த எதுவும் இல்லாத இந்தப் பூவை, எதையும் வாங்க முடிந்தவர்களே சூடியிருக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சிங் வம்சத்துப் பேரரசர் சியன்லோங்கின் முதல் பட்டத்தரசி, 1748-இல் இறந்த ஃபூச்சா, முத்தையும் விலையுயர்ந்த அணிகளையும் ஒதுக்கிவிட்டுத் தக்கைப் பூவும் பட்டுப் பூவும் அணிந்தவர் என்று அந்த வம்சத்தின் வரலாறு பதிந்திருக்கிறது. அதை அவருடைய சிக்கனம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அது அரைகுறை விளக்கமாகவே படுகிறது. பொருட்செலவில் சிக்கனம், சரி. மனித உழைப்பில் அது சிக்கனமே இல்லை. பட்டு நெசவுக்குப் பேர்போன நான்ஜிங்கில், அரண்மனைக்குத் துணி நெய்த தறிகளைச் சுற்றி வளர்ந்த கைத்தொழில் இது. அரண்மனைக்கு வெளியே சாதாரண வீடுகளிலும் திருமணத்துக்கும் பண்டிகைக்கும் சிவப்பு ரோங்ஹுவா சூடுவது வழக்கமாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தொழில் பட்ட பாட்டில் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. சிதறிக் கிடந்த பட்டறைகள் 1950-களில் தொழிற்கூடமாக ஒன்றுசேர்க்கப்பட்டன. ஏற்றுமதிக்கான சின்னச் சின்ன அலங்காரப் பொருள்கள் குவிந்தன. எண்ணிக்கைதான் அங்கே அளவுகோல். வெளிநாட்டு ஆர்டர் வற்றியதும் 1990-களில் அந்த ஏற்பாடு சரிந்தது. வேலை தெரிந்தவர்கள் வேறு பிழைப்புக்குப் போனார்கள். பின்னர் ஜியாங்சு மாகாணம் தன் மரபுக்கலைப் பட்டியலில் இதைச் சேர்த்தது. பட்டியல் நல்லதுதான். ஆனால், பட்டியலில் பெயர் இருப்பதால் யாருக்கும் சோறு கிடைத்துவிடாது. கதவு திறந்தது 2018-இல். ‘யான்ஷி அரண்மனையின் கதை’ என்ற தொலைக்காட்சித் தொடரில் அதே ஃபூச்சா அரசியின் கூந்தலில் இந்தப் பூக்கள் இருந்தன. அவற்றில் நான்ஜிங்கின் மூத்த கைவினைஞர் ஜாவ் ஷூஷியன் செய்தவையும் உண்டு. பழைய பாணி உடைகளைத் தேடி அணியும் இளைய தலைமுறை அந்தப் பூவைக் கேட்டு வந்தது. வேலையின் நுணுக்கம் பார்த்து விலை கொடுக்கும் ஆட்கள் வந்த பிறகுதான், இதைக் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வந்தார்கள். இந்த வரிசை தலைகீழாக நடப்பதில்லை.

தொலைக்காட்சி கிளப்பிய மோகம் எத்தனை நாளைக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மோகம் வடியும். ஆனால், மோகம் இருந்த காலத்தில் ஒரு தலைமுறை கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டதே, அது வடிந்துவிடாது. இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது: செயற்கை இழையில் இயந்திரம் முறுக்கிய கீற்றுகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன, அவற்றை வளைத்தே பூ செய்துவிடலாம், ஏழை வீட்டுப் பெண்ணும் வாங்கலாம், அதில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. அது அதன் விலைக்கு விற்கட்டும். இயந்திரக் கீற்று முனைக்கு முனை ஒரே பருமன். கையால் செதுக்கிய இதழ் அப்படி இல்லை. பக்கத்தில் பக்கம் வைத்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். இரண்டையும் ஒரே பெயரில், ஒரே தட்டில் வைத்து, மலிவானதன் விலையைக் காட்டிக் கைவேலையின் விலையை அடிப்பதுதான் தவறு.

இந்தத் தவறை நாம் இங்கே அன்றாடம் செய்கிறோம். தமிழ்நாட்டில் பல வீடுகளில் பெண்கள் பட்டு நூல் வளையலும் ஜிமிக்கியும் செய்து விற்கிறார்கள். புடவையின் நிறத்துக்கு நூல் தேடி, இழைகளைச் சேர்த்து, வெற்று வளையலில் பசை தடவி, இடைவெளி தெரியாமல் சுற்றி, கல் சங்கிலி ஒட்டி, ஜிமிக்கிக்குக் கம்பியைக் குறடால் வளைத்துக் கொக்கி மாட்டி முடிக்கும் வேலை அது. வளைகாப்புக்கும் கொலுவுக்கும் டஜன் கணக்கில் கேட்பவர்கள், ‘நூல் என்ன விலை இருக்கும்?’ என்றுதான் பேரம் தொடங்குவார்கள். ஒரு சிறு கணக்குப் போடலாம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42. ஒரு ஜோடி ஜிமிக்கி இரண்டு மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், மண் வெட்டுவதற்கு அரசு தரும் கூலியை வைத்தே 84 ரூபாய் உழைப்புக்கு ஆகிறது. நூல், கல், கொக்கி, பசை எல்லாம் தனி. மொத்தமாக நூறு ரூபாய் சொன்னாலே ‘அநியாயம்’ என்று நகர்கிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே, அதற்கு என்ன கூலி என்பது எல்லாரும் வைத்திருக்கும் பதில். சமையலும் குழந்தையும் முடிந்தபிறகு இரவு பத்து மணிக்கு விளக்கடியில் உட்காரும் நேரத்தைச் சும்மா என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது என்று தெரியவில்லை. அது கிடக்கட்டும், விற்பவர்கள் பக்கமும் ஒரு கடமை உண்டு. சந்தையில் பட்டு நூல் என்று வரும் கண்டுகள் பெரும்பாலும் ரேயான். கொளுத்திப் பார்த்தால் முடி கருகும் வாடை வந்தால் பட்டு, காகிதம் எரிந்த வாடை வந்தால் ரேயான். ரேயான் கேவலமான பொருள் அல்ல. அதை ரேயான் என்று சொல்லி விற்றால், வாங்குபவர் எதற்குப் பணம் தருகிறோம் என்று தெரிந்து தருவார். பட்டு என்று சொல்லி விற்றால் மறுபடியும் பொருளைக் காட்டித்தான் விலை கேட்கிறோம். நம் வலையில் நாமே விழுகிறோம்.

சுய உதவிக் குழுக்களின் பொருள்களை ‘மதி’ என்ற பெயரில் அரசு விற்கிறது. பூம்புகார் நிறுவனம் 1973-இலிருந்து கைவினைப் பொருள்களுக்காகவே இருக்கிறது. இவ்விடங்களில் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்க்கலாம். விலைச்சீட்டில் ஒரே தொகையைப் போடாமல், நூலும் கம்பியும் இவ்வளவு, வேலை இத்தனை மணி நேரம், அதற்குக் கூலி இவ்வளவு என்று மூன்று வரியாக அச்சிட வேண்டும். விலை கூடினால் வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். சிலரிடம் படுக்கும், அவர்களுக்கு இயந்திர வளையல் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். மற்றவர்கள் பேரம் பேச வேண்டுமானால், இனி கூலி என்று எழுதியிருக்கும் வரியைக் காட்டித்தான் பேச வேண்டியிருக்கும்.