கோடரியா, கவாத்துக் கத்தியா?



மார்கழி, தை மாதங்களில் நம் கொடைக்கானலில் உறைபனி இறங்குவதை அறிவீர்கள். ஏரிக்கரையும் பிரையண்ட் பூங்காவும் விடியற்காலையில் வெண்மையாகக் கிடக்கும். வாசலில் தொட்டியில் வளர்த்த எலுமிச்சை கருகி நிற்கும். பட்டுப்போயிற்றென்று பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள்.

அனுபவமுள்ள தோட்டக்காரர் அப்படிச் செய்யார். பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. உடனே வெட்டவும் மாட்டார். பனிக்காலத்தில் வெட்டினால், புறப்படும் இளந்தளிரை அடுத்த பனி எரித்துவிடும். பனி நீங்கித் துளிர் எங்கே தோன்றுகிறதென்று கண்ட பிறகே, காய்ந்த பகுதியை மட்டும், உயிருள்ள கணுவுக்குச் சற்று மேலே, சுத்தமான கத்தியால் கவாத்து செய்வார். தொட்டியையும் சோதிப்பார். மண் இறுகியிருந்தால் கிளறி மக்கிய எரு இடுவார். நீரை அளவாக ஊற்றுவார்.

சபையிலோ, ஒருவர் குடியிலோ கடனிலோ குடும்பப் பிளவிலோ விழுந்துவிட்டால், அவரைப் பாடகர் குழுவிலிருந்தும் பதிவேட்டிலிருந்தும் நீக்க விரைகிறோம். அதற்கு யோவான் 15ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் காட்டுகிறோம். இது முறையன்று என்பதே என் கருத்து.

அங்கே 2ஆம் வசனத்தில் கனிதரும் கொடிக்குச் செய்யப்படுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கத்தைரோ'. சுத்தம்பண்ணுதல் என்பது அதன் பொருள். அடுத்த வசனத்தில் ஆண்டவர் சீஷர்களைச் சுத்தமானவர்கள் என்கிற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. அவர்களைச் சுத்திகரித்தது அவருடைய உபதேசம். கனிகொடாத கொடி அறுக்கப்படும் என்றும் அங்கே உள்ளதே எனலாம். ஆம், ஆனால் அறுப்பவர் பிதா. அவரே தோட்டக்காரர், நாமோ கொடிகள். கொடியின் கையில் கத்தி கொடுக்கப்படவில்லை.

அப்படியானால் சபைக்கு ஒழுங்கு வேண்டாமா? வேண்டும். மத்தேயு 18ஆம் அதிகாரம் காட்டும் முதற்படி, தனியே சென்று பேசுவது. குடியோடு போராடுகிறவரிடம் காணிக்கைக் கணக்கை ஒப்படையாதிருப்பது காய்ந்த கிளையை நீக்குவதாகும். அவர் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிடுவது வேரைப் பிடுங்குவதாகும். கிளை கருகியதைப் பேசும் நாம், அவர் வேரூன்றிய மண்ணை, அதாவது வேலையின்மையையும் தனிமையையும் நம்முடைய ஏளனப் பேச்சையும், சோதித்தோமா?

லூக்கா 13ஆம் அதிகாரத்து அத்திமரம் மூன்று ஆண்டுகள் கனியற்றிருந்தது. தோட்டக்காரன் அதற்காக இன்னும் ஓர் ஆண்டு கேட்டான். வெறுமனே காத்திருக்க அல்ல. சுற்றிலும் கொத்தி எருப்போடக் கேட்டான். அவகாசம் கேட்டவனே உழைப்பையும் ஏற்றுக்கொண்டான்.

மலையில் பனி நீங்கித் துளிர்விடும் மாசி, பங்குனியில்தான் தவக்காலமும் வருகிறது. ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட ஒருவர் வீட்டுக்கு இவ்வாரம் நாம் ஒவ்வொருவரும் செல்வோமாக. குற்றங்களை எண்ணிக் காட்டாமல், அவர் சொல்வதைக் கேட்டு, அவரோடு ஜெபித்துத் திரும்புவோமாக. அவருக்குள் இருக்கும் பச்சையைக் காணும் கண்களைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.