கிரெடிட்ஸ் போட்டா போதுமா?

ஈக்காட்டுத்தாங்கல்ல ஐடி கம்பெனியும் இருக்கு, டிவி சேனல் ஆபீஸும் இருக்கு. நம்ம சீனியர்கள் ரெண்டு பக்கமும் வேலைக்குப் போறாங்க. ஆனா கிட்ஹப்ல ஒரு கோடை எடுக்கும்போது லைசென்ஸ் பார்க்கிற நாம, குறும்படத்துக்குப் பாட்டு எடுக்கும்போது எதையும் பார்க்கிறதில்லை. கடைசியில "நன்றி" கார்டு போட்டா முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். நன்றி சொல்றது மரியாதை. அது அனுமதி ஆகாது.

பாரதியார் கதையை எடுத்துக்கோங்க. அவர் 1921-ல இறந்துட்டார். அவரோட பாட்டுகளை இசைத்தட்டுல பதியற உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பன்கிட்ட வந்துச்சு. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்துல பாரதி பாட்டைப் பயன்படுத்தினதும் பிரச்சனை கிளம்புச்சு. மக்கள் கவிஞன் பாட்டு ஒருத்தர் சொத்தான்னு பெரிய இயக்கமே நடந்துச்சு. 1949-ல ஓமந்தூரார் அரசு அந்த உரிமைகளை வாங்கி நாட்டுடைமை ஆக்குச்சு.

அப்போ பாரதி பாட்டு ஃப்ரீதானே? வரிகள் ஃப்ரீ. ஆனா ஒரு சினிமாவுல அதுக்குப் போட்ட மெட்டு தனி உரிமை, அந்த ஒலிப்பதிவு இன்னொரு தனி உரிமை. நாமளே மெட்டுப் போட்டுப் பாடினா யார்கிட்டயும் கேட்க வேண்டாம். படத்துல வர்ற ஆடியோவை வெட்டி ஒட்டினா கேட்கணும்.

1957 காப்புரிமைச் சட்டம் மாணவர்களுக்கு ஒரு சலுகையும் தருது. கல்லூரி நிகழ்ச்சியில நாம பாடலாம், நாடகம் போடலாம். பாட்டை ஒலிபரப்பவும் செய்யலாம், ஆனா பார்க்கிறவங்க மாணவர், ஆசிரியர், பெற்றோர், கல்லூரியோட தொடர்புள்ளவங்கன்னு இருக்கணும். அதே வீடியோவை யூட்யூப்ல ஏத்தினா பார்க்கிறது ஊர் உலகம். அங்கே இந்தச் சலுகை வராது.

இதுல நமக்கும் பங்கு இருக்கு. நீங்க எழுதின கதை, வரைஞ்ச போஸ்டர் பதிவு செய்யாமலே உங்களோடது. உரிமையை வேற ஒருத்தருக்கு மாத்தணும்னா எழுத்துல, உங்க கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம்தான், எந்த இடம்னு எழுதலைன்னா இந்தியா மட்டும்தான். இது தெரியாமதான், படைப்பு முழுக்க எங்களுக்கேன்னு விதி போடற குறும்படப் போட்டி ஃபார்ம்ல நாம படிக்காமலே கையெழுத்துப் போடறோம்.

அதனால நான் கேட்கிறது ஒண்ணுதான். நம்ம ஃபிலிம் கிளப்ல ஷூட்டிங் தொடங்கும் முன்னாடியே ஒரு பக்கம் எழுதுவோம்: கதை யாரோடது, இசை யாரோடது, படத்தை எங்கெல்லாம் காட்டலாம். நண்பர்கள்தானே, இதெல்லாம் எதுக்குன்னு தோணலாம். படம் ஹிட்டானா சண்டை வர்றதும் அந்த நண்பர்களுக்குள்ளதான்.